இரண்டிலும் இருநூற்று இருபது

அன்று சலவைக்கூடத்தில் இரண்டு போர்வை குறைந்தது.

விமானத்தில் பயணிகளுக்குக் கொடுக்கும் நீலப் போர்வைகள் அவை. விமானம் இறங்கியதும் மூட்டையாகக் கட்டி, நிலையத்தின் பின்வாசல் வழியே வண்டியில் வரும். துவைத்து, உலர்த்தி, நான்காக மடித்து, பையில் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். மடிக்கிற மேசையில் பத்தொன்பது வருடமாக நிற்பவள் அக்கா. மேற்பார்வையாளரிலிருந்து வண்டிக்காரர் வரை எல்லோருக்கும் அவள் அக்காதான். ஒரு தம்பியைத் தூக்கித் தூக்கி அந்த முகமே அப்படி ஆகிவிட்டது போலும்.

"என்னக்கா, இது உங்க தம்பி ஓட்டிட்டு வந்த விமானமாச்சே. வீட்டுக்கு வேணும்னு அவரே சுருட்டிட்டாரா?" என்றார் மேற்பார்வையாளர்.

"அவன் சுருட்டுறவனா இருந்தா என் வீட்டுல இன்னும் கிழிஞ்ச போர்வை இருக்குமா?" என்று சிரித்து வைத்தாள் அக்கா. ஆனாலும் மனசு உறுத்தியது.

மறுநாள் விமானப் பணிப்பெண் ஒருத்தி அந்த இரண்டு போர்வைகளையும் ஒரு பையில் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் போக மனசில்லாமல் நின்றாள். பிறகு அவளே சொன்னாள். எல்லோரும் இறங்கிய பிறகும் ஒரு பெரியவர் ஜன்னலோரம் உட்கார்ந்தே இருந்தாராம். கால்சட்டை நனைந்திருந்தது. எழுந்திருக்க வெட்கம். இவள் போய்த் தம்பியிடம் சொன்னாள். அவன் வந்தான். ஒரு போர்வையைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டான். இன்னொன்றைப் பெரியவரின் மடியில் போட்டான்.

"ஐயா, காலையிலேர்ந்து எனக்கு முட்டி பிடிச்சிருக்கு. குளிர் பட்டா வலிக்குது. இந்தப் படியில தனியா இறங்கப் பயமா இருக்கு. கொஞ்சம் கை குடுக்கிறீங்களா?"

பெரியவர் எழுந்து அவனுக்குக் கை கொடுத்தார். இடுப்பில் போர்வையோடு இரண்டு பேரும் அந்தப் பெரிய கட்டிடம் முழுக்க மெல்ல நடந்து போனார்கள். பார்த்தவர்களெல்லாம் சீருடைக்காரரின் கோலத்தைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்; பெரியவரை யாரும் பார்க்கவில்லை. வெளியே காத்திருந்த மகனிடம், "உங்கப்பா இல்லேன்னா நான் இறங்கியிருக்கவே முடியாது" என்று சொல்லி ஒப்படைத்துவிட்டு வந்தானாம்.

அடுத்த வாரம் தம்பி வீட்டுக்கு வந்தபோது அக்கா கேட்டாள்.

"முட்டி இப்ப எப்படிப்பா இருக்கு?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "யாரு சொன்னா?"

"போர்வை சொல்லுச்சு."

அதோடு சரி. 

அக்காவின் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. அடுத்த வருடம் தம்பி பிறந்தான். அம்மா பெற்றுப் போட்டதோடு படுக்கையில் விழுந்தாள். அவனுக்கு ஆறு வயதாகும்போது போய்ச் சேர்ந்தாள். அப்பாவும் அதிக நாள் இருக்கவில்லை. அவனுக்குப் பால் புகட்டியது, விழுந்த பல்லைப் பொத்தி வைத்தது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது எல்லாம் அவள்தான். அவன் பாடம் படிக்கும்போது எதிரே உட்கார்ந்து காய் நறுக்குவாள். ஆறாம் வகுப்புப் பாடம் அப்படித்தான் அவளுக்கும் கொஞ்சம் தெரியும். ஏழாவதில் கணக்கு கடினமாகிவிட்டது. அவள் காயோடு நிறுத்திக்கொண்டாள்.

கெட்டிக்காரன். பரீட்சை எழுதி, இலவச இடம் கிடைத்து, விமானம் ஓட்டப் படித்து வந்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் அவளுக்குத் துண்டு துண்டாகத்தான் கிடைத்தான். வருவான், தூங்குவான், சட்டைக்கு இஸ்திரி போடுவான், போய்விடுவான். பதினெட்டு வருடம் இப்படியே ஓடியது. கல்யாணமும் கூடி வரவில்லை. பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில், "மாப்பிள்ளை மாசத்துல எத்தனை நாள் தரையில இருப்பார்?" என்று கேட்டார்கள். அக்காவின் கணவர் நகரப் பேருந்து ஓட்டுபவர். வாய் சும்மா இருக்காது. "தரையிலேயே இருக்கிற மாப்பிள்ளை வேணும்னா என்னை மாதிரி பார்க்கணும். ஆனா நான் ஏற்கெனவே மாட்டிக்கிட்டேனே" என்று சொல்லிவிட்டார். அந்தச் சம்பந்தம் அங்கேயே முடிந்தது.

மேசையில் நிற்கும்போது தலைக்கு மேலே விமானம் போனால் கூடத்தின் தகரக் கூரை அதிரும். அக்கா கையை நிறுத்த மாட்டாள். உதடு மட்டும் அசையும். 'கடவுளே, உள்ளே இருக்கிறவங்க எல்லாரும் பத்திரம்' என்று. எல்லாரும் என்று சொல்லிவிட்டு, அதற்குள் அவனும் அடக்கம் என்று மனசுக்குள் சேர்த்துக்கொள்வாள்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம், சொல்லாமல் கொள்ளாமல், சீருடையோடு தம்பி வந்து நின்றான். தொப்பியைக் கையில் வைத்திருந்தான். எங்கே வைப்பதென்று தெரியாதவன் போல. அக்கா அடுப்படிக்குப் போனாள். தேநீர் வைத்தாள். கணவர்தான் கேட்டார்.

"என்ன மச்சான், வண்டி பிரேக் டவுனா?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு மாமா. நான்தான்."

மேசையில் இருந்த உப்புச் சிமிழையும் சர்க்கரைச் சிமிழையும் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்தி வைத்துக்கொண்டு சொன்னான். விமானி எல்லா நேரமும் கையால் ஓட்டுவதில்லை. என்ன வேகம், எந்தத் திசை, எவ்வளவு உயரம் என்று முன்பக்கக் கண்ணாடிக்குக் கீழே வரிசையாக உள்ள குமிழ்களைத் திருகி எண் வைத்துவிட்டால், விமானம் தானாகவே அதைச் செய்யும். ஒவ்வொரு குமிழுக்கும் மேலே சின்னக் கட்டத்தில் அந்த எண் ஒளிரும். வேகத்தின் குமிழும் திசையின் குமிழும் அடுத்தடுத்து இருக்கும். அன்று இறங்கப் போகும் நேரம், மேகம், மூன்றாவது பயணம். வேகத்தை நூற்று எண்பதாகக் குறைக்கச் சொல்லிக் கீழேயிருந்து உத்தரவு வந்தது. மேகத்தைப் பார்த்தபடி கையை நீட்டித் திருகினான்.

"பார்க்காமலா திருகினே?" என்றார் கணவர்.

"திருகிட்டுப் பார்த்தேன் மாமா. அதுதான் கொடுமை. அன்னைக்கு வேகமும் இருநூத்தி இருபது, திசையும் இருநூத்தி இருபது. நான் திருகினது திசை. கட்டத்துல நூத்தி எண்பதுன்னு வந்துச்சு. நான் வைக்க நினைச்ச அதே எண். சரின்னு விட்டுட்டேன்."

விமானம் சொன்ன பேச்சைத் தட்டவில்லை. மெல்ல இடப்பக்கம் திரும்பியது. அந்தப் பக்கம் மலை. வேகம் ஏன் குறையவில்லை என்று அவன் இயந்திரத்தின் மேல் எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தான். பக்கத்து இருக்கையில் இருந்த துணை விமானி, இளம்பெண், "சார், திசை" என்றாள். அவள் சொல்லி முடிக்கவும், மலை நெருங்குகிறது, மேலே ஏறு என்று எச்சரிக்கைக் குரல் கத்தவும் சரியாக இருந்தது. மூக்கைத் தூக்கி ஒரேயடியாக ஏற்றினான். ஏறிவிட்டது. எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம்கூட இல்லை. பின்னால் நின்றுகொண்டிருந்த பணிப்பெண் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. போர்வை கொண்டுவந்து கொடுத்த அதே பெண்.

கணவர் இரண்டு சிமிழ்களையும் எட்ட எட்ட நகர்த்தி வைத்தார். "என் வண்டியில ஒரே ஒரு ஸ்டீயரிங். அதுவே சில நாள் ஒழுங்கா வராது" என்றார். அது ஆறுதலா கிண்டலா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

விசாரணையில் தம்பிக்குத் தப்பிக்க வழி இல்லாமல் இல்லை. களைப்பு என்று எழுதலாம். குமிழ்களின் அமைப்பைக் குறை சொல்லலாம். துணை விமானி முன்னமே பார்த்திருக்க வேண்டும் என்றுகூட ஒரு வரி சேர்க்கலாம். சேர்க்கச் சொன்னவர்களும் உண்டு. அவன் எழுதிக் கொடுத்ததை அக்காவுக்குப் படித்துக் காட்டினான். அதில் அவளுக்கு நன்றாகப் புரிந்தது ஒரு வரிதான்: 'திருகிய கை என்னுடையது, காப்பாற்றிய கண் அவருடையது.'

அவன் இனிமேல் விமானத்தைத் தொடக் கூடாது என்று நிறுத்தி வைத்தார்கள். மறுபடி பரீட்சைக்கு எப்போது கூப்பிடுவார்கள், கூப்பிடுவார்களா என்று யாருக்கும் தெரியவில்லை. அவன் தன் அறையைக் காலி செய்துவிட்டு அக்கா வீட்டின் முன்னறைக்கு வந்தான். எட்டு மாதம்.

அந்த எட்டு மாதத்தில் அவன் தன் கையைத் திரும்பப் பழக்கினான். தொடு, சொல், பார், திருப்பு. இந்த நான்கும் இதே வரிசையில். விமானிகள் செய்ய வேண்டியதுதான். பழகிய கை அவசரத்தில் மூன்றை விழுங்கிவிட்டு நான்காவதுக்குப் போய்விடுகிறது. அதனால் அவன் எதையும் விட்டுவைக்கவில்லை. அடுப்புப் பக்கம் போனால் குமிழில் விரலை வைத்து, "அடுப்பு, இடது பக்கம்" என்பான். பார்ப்பான். பிறகுதான் திருப்புவான். குழாயைத் தொட்டு, "தண்ணி" என்பான். மின்விசிறிக்கும் அப்படியே.

கணவர் அவனுக்குத் 'தொட்டுச்சொல்லி' என்று பெயர் வைத்துவிட்டார். "தொட்டுச்சொல்லி, அந்தச் செய்தித்தாளைக் குடு. அதுக்குப் பேரு செய்தித்தாள், ஞாபகம் இருக்கட்டும்" என்பார். அவனும் தாளைத் தொட்டு, "செய்தித்தாள், நேத்திக்கு உள்ளது" என்று நீட்டுவான்.

ஒரு ஞாயிறு மத்தியானம் அட்டை ஒன்றை வெட்டிக் குமிழ்களைப் பேனாவால் வரைந்துகொண்டிருந்தான். அக்கா பார்த்தாள். பொத்தான் டப்பாவை எடுத்து வந்து, இரண்டு பெரிய கோட்டுப் பொத்தான்களை வேகம் இருக்கும் இடத்திலும் திசை இருக்கும் இடத்திலும் தைத்தாள். திசையின் பொத்தானைச் சுற்றி நூலைக் கெட்டியாகச் சுற்றினாள்.

"இப்படி ஒண்ணை சொரசொரன்னு வச்சுட்டா கைக்குத் தெரியாதாப்பா?"

"அங்கேயும் கொஞ்சம் வித்தியாசம் வச்சிருக்காங்கக்கா. புதுக் கைக்குத் தெரியும். பதினெட்டு வருஷம் பழகின கைக்குத் தெரியாது."

"அப்போ சோறு போட்ட கையும் அப்படித்தானா? தெரியாமப் போயிடுமா?"

அவன் சிரித்தான். அட்டையை மடியில் வைத்து அந்த இரண்டு பொத்தான்களை மாற்றி மாற்றித் தொட்டுக்கொண்டிருந்தான்.

பணிப்பெண்ணும் ஒரு நாள் வந்தாள், மாவுக்கட்டோடு. தம்பி எழுந்து நின்றான். அவள் கட்டுப்போட்ட கையை நீட்டி, "தொட்டுச் சொல்லுங்க சார், இது என்னன்னு" என்றாள். கணவர் எங்கேயோ வாய் திறந்திருக்கிறார். தம்பி அந்தக் கட்டை மெல்லத் தொட்டான். "என் தப்பு" என்றான். அவள் தலையை ஆட்டிவிட்டு, அக்காவிடம் திரும்பி, "எனக்கு இன்னொரு தேநீர் கிடைக்குமாக்கா?" என்றாள்.

இதிலெல்லாம் அக்காவின் நிலைமைதான் யாருக்கும் தெரியாதது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் தம்பி இருக்கிறான். காய் நறுக்கினால் எதிரே உட்கார்ந்திருக்கிறான். பதினெட்டு வருடமாகக் கேட்காமலே கேட்டுக்கொண்டிருந்தது கிடைத்துவிட்டது. ஆனால் வீட்டுக் கூரையை அதிர வைத்துக்கொண்டு விமானம் போகும்போது அவன் பேச்சை நிறுத்திவிடுவான். சத்தம் அடங்கும் வரை கண் சுவரில் இருக்கும். அப்புறம்தான் விட்ட இடத்திலிருந்து பேசுவான். அந்த இடைவெளியில் அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தாங்காது.

காலையில் கைகூப்பி நிற்கும்போது என்ன கேட்பது என்றே அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்கு அந்த இருக்கை திரும்பக் கிடைக்க வேண்டும் என்று தொடங்குவாள். அவன் என் கண்ணெதிரே இருக்க வேண்டும் என்று முடிப்பாள். கேட்கிறவர் குழம்பிப் போக மாட்டாரா என்று அவளுக்கே கூச்சமாக இருக்கும்.

எட்டாவது மாதம் பதிவுத் தபால் வந்தது. அன்று அக்காவுக்கு வார விடுப்பு, தம்பி வெளியே போயிருந்தான். அக்காதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். உறையைப் பிரிக்கவில்லை. ஆனால் உறையின் மேலே இருந்த நிறுவனத்தின் பெயருக்குக் கீழே ஊர் பெயர் இருந்தது. கடல் தாண்டிய ஊர். ஆறாம் வகுப்புப் புத்தகத்தின் வரைபடத்தில் அதைப் பார்த்த ஞாபகம் அவளுக்கு இருந்தது. அலமாரியைத் திறந்து, மடித்து வைத்திருந்த படுக்கை விரிப்புகளுக்கு அடியில் உறையைச் செருகினாள். இப்போதைக்கு என்றுதான் செருகினாள்.

சாயங்காலம் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. அவன் நன்றாக இருக்கத்தானே என்று மனசுக்குச் சொன்னாள்; மறுபடி மேலே போய், மறுபடி மலை வந்து, எதற்கு. மூன்றாம் நாள் மேசையில் போர்வை மடிக்கும்போது கணக்குத் தவறியது. ஒரு பையில் ஒன்றுகூட இல்லை, அடுத்ததில் இரண்டு.

"என்னக்கா, இன்னைக்கு நீங்க சுருட்டுறீங்களா?" என்றார் மேற்பார்வையாளர் விளையாட்டாக.

அக்காவுக்குக் கை ஓடவில்லை. அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள். தம்பி முன்னறையில் மடியில் அட்டையோடு இருந்தான். அவள் அலமாரியைத் திறந்து, விரிப்புகளுக்கு அடியில் கையை விட்டு, உறையைத் தொட்டாள். "கடிதம்" என்று வாய்விட்டுச் சொன்னாள். வெளியே எடுத்துப் பார்த்தாள். பிறகு அவனிடம் நீட்டினாள்.

"மூணு நாளா என்கிட்ட இருக்கு. நான்தான் ஒளிச்சு வச்சேன்."

அவன் பிரித்துப் படித்தான். அவன் எழுதிப் போட்டிருந்த, சரக்கு விமானம் ஓட்டும் வேலை. பரீட்சை நாளை மறுநாள் காலை, இந்த ஊரிலேயே. அன்று வராவிட்டால் இடம் வேறொருவருக்கு என்று எழுதியிருந்தது. அவன் அதை மெல்ல அவளுக்குப் படித்துக் காட்டினான்.

"திட்டிடுப்பா என்னை."

அவன் திட்டவில்லை. உறையை மடியில் இருந்த அட்டையின் மேல் வைத்தான்.

"தம்பி நல்லா இருக்கணும், தம்பி இங்கேயே இருக்கணும். ரெண்டு கட்டத்துலயும் இருநூத்தி இருபதுன்னு இருந்துச்சாக்கா?"

அப்போதுதான் அக்கா அழுதாள். அவன் எழுந்து, "அடுப்பு, இடது பக்கம்" என்று சொல்லித் தேநீர் வைத்தான்.

பரீட்சையில் தேறிவிட்டான். நிஜ விமானம் போலவே ஆட்டி அசைக்கும் பெட்டி ஒன்றில் உட்கார வைத்து, அதே மேகம், அதே மலை, அதே உத்தரவு. தொட்டுத் தொட்டு, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி ஓட்டினானாம். பரீட்சை வைத்தவர் சிரித்துவிட்டார். ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அந்த ஊரில் இரண்டு வருடமும் நான்கு மாதமும் பறந்தான். பயணிகள் இல்லாத விமானம். பழமும் பூவும் இயந்திரச் சாமான்களும் ஏற்றிக்கொண்டு தீவு தீவாகப் போகும். நான் இறக்கும் பெட்டிகளுக்கு முட்டி வலியே வருவதில்லை என்று ஒரு முறை தொலைபேசியில் சொன்னான். வாரம் ஒரு தரம் பேசுவான். தொலைபேசியில் சொல்லலாம், இந்தக் காலத்தில் முகம்கூடப் பார்க்கலாம். தொடத்தான் முடியாது. அவன் முகம் திரையிலிருந்து மறைந்த பிறகும் அக்கா கண்ணாடியின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள்.

வருகிறேன் வருகிறேன் என்று இரண்டு முறை விடுப்பு தள்ளிப் போனது. மூன்றாவது முறைக்குப் பயணச்சீட்டு எடுத்திருந்தான். ஓய்வு நாள் காலை, உணவு மேசையில் உட்கார்ந்திருந்தபோது இதயம் நின்றுவிட்டது. விமானம் தரையில்தான் இருந்தது. அவன் பெட்டி வந்தது. உடுப்புகளுக்கு நடுவே அந்த அட்டையும் இருந்தது. திசையின் பொத்தானில் அக்கா சுற்றிய நூல், விரல் பட்டுப் பட்டு வழவழப்பாகிவிட்டிருந்தது.

அக்கா இப்போதும் அதே மேசையில்தான் நிற்கிறாள். கூரை அதிரும்போது உதடு அசைகிறது. உள்ளே இருக்கிறவர்கள் எல்லாரும் பத்திரம் என்று வேண்டிக்கொள்கிறாள். அதற்குள் யார் அடக்கம் என்று மனசுக்குள் சேர்க்கப் போய், நின்றுவிடுகிறாள். பிறகு கையில் இருக்கும் போர்வையை மடிக்கிறாள்.

மடிக்கும்போது நினைவு போய் நிற்பது எப்போதும் அவன் புறப்பட்ட அந்தக் காலை நேரத்தில்தான். கணவர் பெட்டியை வாசலுக்குக் கொண்டுபோய்விட்டார். "மச்சான், வண்டிக்காரர் பொறுமைசாலி மாதிரித் தெரியலை" என்று வெளியிலிருந்து குரல் கொடுத்தார். தம்பி முன்னறையில் அவள் எதிரே நின்றான். கண்ணுக்குக் கீழே சுருக்கம் விழுந்த, நாற்பதைத் தாண்டிய ஆள். கையை நீட்டி அவள் தோளைத் தொட்டான்.

"அக்கா" என்றான்.

கையை எடுக்காமல் அவள் முகத்தைப் பார்த்தான். வெளியே வண்டி ஒலி எழுப்பியது. அவன் அசையவில்லை. அக்காதான், "நேரமாகுதுப்பா, திரும்பு" என்றாள்.

"தொட்டேன், சொன்னேன், பார்த்தேன். நாலாவதுக்கு மட்டும் மனசு வர மாட்டேங்குதுக்கா."